‘தி’ வரைக்கும் படித்தவன்

அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது.

மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். காலை நேரம். கடை முழுக்கக் கோணிச் சாக்கு வாசனையும் மிளகாய் நெடியும். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தேன். கோடு, சுழி, புள்ளி. எறும்புக்குச் சாராயம் ஊற்றி, மையில் முக்கி, காகிதத்தில் நடக்க விட்டது மாதிரி இருந்தது. ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை.

“இன்னா எழுத்துய்யா இது! எந்தப் புண்ணியவான் எழுதினானோ, கோழி கிளறினா மாதிரி இருக்குது,” என்று சீட்டைக் கடைக்காரர் குமாரிடம் நீட்டினேன்.

குமார் வாங்கி மடமடவென்று படித்தார். “துவரம்பருப்பு ஒரு கிலோ, கடுகு நூறு, பூண்டு கால் கிலோ...” நிறுத்தி, என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணே, இது உங்க கையெழுத்து.”

“எவன் சொன்னான்?”

“இருவது வருசமா பார்க்கிறேனே. ‘பூ’வுக்கு இவ்ளோ நீளம் வாலு வுடுறது செஞ்சியில நீங்க ஒருத்தர்தான். கீழ பாருங்க, ‘போன தடவ கடுகுல கல்லு இருந்துது, ஏமாத்தாதடா குமாரு’ன்னு எழுதி இருக்குது.”

அப்படியானால் நான்தான் எழுதியிருக்க வேண்டும். அவருக்கு அவ்வளவு மரியாதையாக வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

அரை மணி நேரத்துக்கு முன்னால், லூர்து அடுப்படியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் எழுதிய சீட்டு அது. லூர்து என் மனைவி. எழுதும்போது ஒரு தடுமாற்றமும் இல்லை. கல் விஷயத்தை நானாகவே சேர்த்தேன். மார்க்கெட் தெருவுக்கு நடந்து வருவதற்குள் என் எழுத்து எனக்கே அன்னியமாகிவிட்டது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் வந்த, வேட்பாளர் படத்தைத் தலைகீழாக அச்சடித்துவிட்டு நான் மண்டகப்பட்டுக்கு ஓடி ஒளிந்த கதையைப் படித்த வாசகர் ஒருவர், ‘எத்தனையோ வருடத்து விஷயத்தை இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறீர்களே, மூளைக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்டிருக்கிறார். காலையில் ஒரு மாத்திரை, இரவில் இரண்டு. ரத்தம் கட்டாமல் இருக்க. ஐயா, உங்கள் கடிதத்தை லூர்துதான் படித்துக் காட்டினாள். நானே படிக்க உட்கார்ந்திருந்தால் இந்நேரம் ‘அன்புள்ள’ மட்டும்தான் முடிந்திருக்கும்.

இரண்டு மலை, ஒரு பாலம்

வாய் கோணவில்லை, கை இழுக்கவில்லை, பேச்சு குழறவில்லை. அதனால் எனக்கு ஒன்றுமில்லை என்பது என் வாதம். வீட்டுக்குத் திரும்பி, கதவு நிலையில் வலது தோளை இரண்டாவது முறை இடித்துக்கொண்டதும் லூர்து வாதத்தை முடித்துவிட்டாள். மத்தியானத்துக்குள் பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா வந்தார். வயது குறைவு. என் கையில் பேனாவையும் காகிதத்தையும் கொடுத்து, “மனசுல தோணுறத எழுதுங்க ஐயா,” என்றார். எழுதினேன். முத்து முத்தாக எழுதினேன் என்று கைக்குத் தெரிந்தது.

“இப்ப அதப் படிங்க.”

பார்த்தேன். மறுபடியும் எறும்பு.

“இது நீங்க எழுதின மருந்துச் சீட்டுங்களாம்மா?” என்றேன்.

அவரே வாங்கிப் படித்தார். “‘இந்த டாக்டர் சின்னப் பெண்ணாக இருக்கிறது. பெரிய டாக்டர் எப்போது வருவார் என்று தெரியவில்லை.’”

லூர்து என் இடது தொடையைக் கிள்ளினாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நல்லவர்.

“உங்களுக்குப் பார்வை இருக்கு, பேச்சு இருக்கு, எழுத்து இருக்கு. படிப்பு மட்டும் போயிடுச்சு,” என்றார்.

“அது பத்தாவதுலயே போயிடுச்சும்மா.”

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். மூளை இரண்டு பாதி. இடப்பாதியின் பின்பக்கத்தில், கண் பார்த்த எழுத்தைச் சொல்லாக மாற்றுகிற ஒரு இடம் இருக்கிறது. பிறக்கும்போது யாருக்கும் அது அந்த வேலை செய்வதில்லை. எழுத்துப் படிக்கப் படிக்க மூளைதான் அந்த இடத்தைப் பழக்கி எடுக்கிறது. முதலில் எழுத்தெழுத்தாக. பழகிய பிறகு, முகத்தைப் பார்த்ததும் ஆள் தெரிகிற மாதிரி, பார்த்த மாத்திரத்தில் முழுச் சொல். எனக்கு அந்த இடத்துக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. வலப்பாதி இன்னும் எழுத்துகளைப் பார்க்கிறது. ஆனால் பார்த்ததை இடப்பாதிக்குக் கொண்டுபோகும் பாலமும் சேதம். போதாததற்கு, இரண்டு கண்ணிலும் வலப்பக்கத்துக் காட்சி காணாமல் போயிருந்தது. கதவு நிலையின் மேல் எந்தத் தப்பும் இல்லை.

செஞ்சிக்காரனுக்கு இது புரியாமல் போகுமா? எங்கள் கோட்டை மலைகள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, நடுவில் திருவண்ணாமலை ரோடு. மொழி தெரிந்த ராஜா ராஜகிரி உச்சியில் உட்கார்ந்திருக்கிறார். கிருஷ்ணகிரியில் ஒரு காவல்காரன். அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும். ‘ஏதோ வருது, கறுப்பா, சுழி சுழியா வருது’ என்று கத்துகிறான். அது என்னவென்று சொல்ல அவனுக்குப் படிப்பு போதாது. ராஜாவிடம் போய்க் கேட்கலாமென்றால், உச்சிக்குப் போகும் வழியில் பாறைப் பிளவின் மேல் இருக்கிறதே பாலம், அதை எவனோ தூக்கிவிட்டான்.

“கிட்டத்தட்ட அதான் ஐயா,” என்றார் டாக்டரம்மா.

“பாலத்த எப்பம்மா திரும்பப் போடுவீங்க?”

அவர் ஸ்கேன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். “அந்தப் பாலம் கஷ்டம். வேற வழி ஏதாவது மூளையே கண்டுபிடிக்குதான்னு பார்க்கணும். சில பேருக்கு வரும். வராமலும் போகலாம்.”

லூர்து இந்தத் தடவை கிள்ளவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குக் கிள்ளியிருக்கலாம்.

கழுகுக் கண்

ஏன் இப்படிப் பதறினோம் என்றால், படிப்பதுதான் என் பிழைப்பு.

கடைத்தெருவில் கபூர் பாயின் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் உண்டு. அவர் முதலாளி, நான் டைப் அடித்துப் பிழை திருத்துகிறவன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே மேசையில் சோறு, ஒரே கிரிக்கெட் சண்டை. அச்சுக்குப் போகும் ஒவ்வொரு காகிதத்தின் மூலையிலும் நான் ‘அ’ என்று போட வேண்டும். அந்தோணியின் ‘அ’. அது இல்லாமல் பாய் மெஷினை ஓட்ட மாட்டார்.

எங்கள் பக்கத்து நாக்குக்கு ழ, ள, ல எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பேசுகிற மாதிரியே எழுதிக் கொடுப்பார்கள். ஒரு கட்சிக்காரர் ‘தலைவர் வால்க’ என்று எழுதிவந்தார். “இன்னா, தலைவருக்கு வாலு இருக்குதா?” என்று கேட்டேன். “அவருக்கு இல்லண்ணே, கூட இருக்கிறவனுங்கதான்,” என்றார். நேர்மையான ஆள், அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்கவில்லை.

இப்படிப் பிடித்துப் பிடித்து எனக்குக் ‘கழுகுக் கண்’ என்று பெயர். கழுகு தூங்கிய நாட்களும் உண்டு. அனந்தபுரத்தில் ஒருவர் இறந்ததற்குத் ‘தண்ணீர் அஞ்சலி’ என்று போஸ்டர் ஒட்டிவிட்டோம். உதை விழும் என்று பயந்தேன். இறந்தவர் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவராம். ‘பொருத்தமா எழுதியிருக்கீங்க’ என்று அவருடைய மகன் கண் கலங்கினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பாயிடம், “கண்ணுல கொஞ்சம் பிரஷர்,” என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. படிக்கத் தெரியாத பிழைதிருத்துநரை வைத்துக்கொண்டு அச்சகத்தில் என்ன செய்வது? காகிதம் பறக்காமலிருக்க மேலே வைக்கலாம், அறுபத்திரண்டு கிலோ இருக்கிறேன். எனக்கு வேறு வேலையும் தெரியாது. அச்சகத்தில் என் ஜன்னலோரத்து நாற்காலி போய்விட்டால் நான் யாரென்று எனக்கே யாராவது படித்துக் காட்ட வேண்டும்.

ஆகவே ஒரு தில்லுமுல்லு செய்தேன். டைப் அடிக்கக் கண் வேண்டாம், விரலுக்கே தெரியும். வந்தவர்களிடம், “நீங்களே சத்தமாப் படிங்க, நான் அடிக்கிறேன். பேரு ஊரெல்லாம் தப்பாவக் கூடாது பாருங்க,” என்பேன். அடித்து முடித்ததை அவர்கள் கையிலேயே கொடுத்து மறுபடியும் படிக்கச் சொல்லுவேன். அவர்கள் முகம் சுளித்தால் பிழை, சிரித்தால் ‘அ’.

பாய் அசந்துபோனார். “யோவ், புகார் வர்றதே குறைஞ்சிடுச்சே! இத ஏன்யா முன்னாடியே பண்ணல?”

முன்னாடி எனக்குப் படிக்கத் தெரியும், அதனால்தான்.

தொடையில் ஒரு பள்ளிக்கூடம்

வேறு வழி ஒன்று கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்.

பிரசங்கம் நீண்டது. என் முன்னால் இருந்த பெஞ்சின் முதுகில் பெயின்ட்டில் ஏதோ எழுதியிருந்தது. சலிப்பில் அதன் முதல் உருவத்தை என் விரல் தொடையில் வரைய ஆரம்பித்தது. நெட்டுக்கோடு, குறுக்கே ஒன்று, இறங்கி ஒரு வளைவு. வரைந்து முடித்த நொடியில் உள்ளே யாரோ சொன்னார்கள்.

“ந!” என்று கத்திவிட்டேன்.

பங்குச்சாமி நிறுத்தினார். பெண்கள் பக்கத்திலிருந்து லூர்து பார்த்த பார்வைக்குப் படிப்பறிவு தேவையில்லை. நான் தலையைக் குனிந்து அடுத்ததை வரைந்தேன். ன். அடுத்து கொ, டை. நன்கொடை! பெஞ்சைக் கொடுத்தவர் பெயருக்குப் போவதற்குள் பூசை முடிந்து எல்லோரும் வெளியே போய்விட்டார்கள்.

கண்ணுக்கு மறந்தது கைக்கு மறக்கவில்லை. கண் பார்த்த உருவத்தைக் கை வரைந்தால், கை அது என்ன எழுத்தென்று உள்ளே போய்ச் சொல்லிவிடுகிறது. பாலம் இல்லாவிட்டால் என்ன, மலைக்குப் பின்பக்கம் ஆடு மேய்க்கிறவன் ஏறுகிற ஒற்றையடித் தடம் ஒன்று இருந்திருக்கிறது.

தடத்தில் ஆட்டு வேகம்தான். அதிலும் கொம்பு போட்ட எழுத்துகள் பெரிய தொல்லை. ‘கொ’ என்றால் முதலில் கொம்பு வந்து நிற்கும், ஆள் வராது. பிறகு ‘க’ வரும். சரி, ‘கெ’ என்று முடிவு செய்தால், கூட்டத்தில் பின்தங்கிய மாமனார் மாதிரி கடைசியில் ஒரு கால் வந்து, எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும். ஆனால் ஒன்று. நாக்கு ழ-வையும் ள-வையும் குழப்பும், கை குழப்பவே இல்லை.

“நாளெல்லாம் தொடையச் சொறியறீங்களே, பவுடர் வாங்கியாரட்டா?” என்றாள் லூர்து.

“படிக்கிறேன்டி.”

“எத?”

“காலண்டர.”

“எந்த மாசம் வரைக்கும் வந்துருக்கீங்க?”

தைரியம் கூடிப்போய், திண்டிவனத்தில் மச்சான் வீட்டு விசேஷத்துக்குத் தனியாகக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்கக் கூடாது என்று வைராக்கியம். ஒரு பஸ் வந்து நின்றது. போர்டைப் பார்த்துக் காற்றில் விரலால் எழுதினேன். எதிரில் நின்ற அம்மா, தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துச் செருப்பைப் பார்த்தார். அவசரமாக முதல் எழுத்தை முடித்தேன். ‘தி’! திண்டிவனம்! ஏறிவிட்டேன்.

பஸ் மார்க்கெட்டைத் தாண்டியது. கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் ராஜகிரி. வலப்பக்கம் கழுத்தைத் திருப்பினால் கிருஷ்ணகிரி. மலையைப் படிக்க எனக்கு விரல் தேவைப்படவில்லை.

“திண்டிவனமா?” கண்டக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “பெரிசு, வண்டி திருவண்ணாமல போவுது. போர்டப் படிச்சிட்டு ஏறக் கூடாதா?”

“படிச்சிட்டுத்தாம்பா ஏறினேன்.”

“இன்னா படிச்ச?”

“‘தி’ வரைக்கும்.”

விசில் அடித்துக் கோட்டை நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். வெயிலில் ஊருக்குள் நடந்து வந்தேன். எங்கள் ஊரிலிருந்து கிழக்கே போனாலும் ‘தி’, மேற்கே போனாலும் ‘தி’ என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

பாய் வீட்டுப் பத்திரிகை

இப்படி ஏழு மாதம் ஓட்டியபோது கபூர் பாயின் மகள் ரிஸ்வானாவுக்கு நிக்காஹ் நிச்சயமானது.

ஒரே பெண். அழைப்பிதழ் வாசகத்தைப் பாயே நின்று, ஒவ்வொரு வரியாகச் சொன்னார். நான் அடித்தேன். அடித்து எடுத்த அச்சுப் படியை அவர் படித்தார். வீட்டில் ரிஸ்வானாவும் அவள் அம்மாவும் படித்தார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் படித்தார். சம்பந்தி வீட்டில் கூடி உட்கார்ந்து படித்தார்கள். எல்லோருக்கும் திருப்தி.

மத்தியானம் பாய் மெஷினைப் போட்டுவிட்டு வந்தார். உயர்ந்த அட்டை அடுக்கி வைத்திருந்தது, புது அட்டையின் வாசனை. பாய் படியை என் முன்னால் வைத்தார்.

“எல்லாரும் பார்த்தாச்சு. நீ உன் ‘அ’வப் போடு, ஓட்டிடலாம். நீ பார்க்காம என் பொண்ணு பத்திரிகைய அடிக்க மாட்டேன்யா.”

பேனாவைத் திறந்தேன். ‘அ’ போட ஒரு நொடி போதும், எழுதுவதில்தான் எனக்குக் கோளாறு கிடையாதே. ஆனால் ‘நீ பார்க்காம’ என்றுவிட்டாரே மனிதர். நான் இன்னும் பார்க்கவில்லை.

“பாய், வயிறு ஒரு மாதிரி இருக்குது,” என்று படியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் கக்கூசுக்குப் போய்த் தாழ் போட்டேன்.

வேட்டியை ஒதுக்கித் தொடையைத் தயார் செய்து, முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தேன். மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரிலேயே வியர்த்துவிட்டது. மண்டபத்து விலாசம் வரும்போது கதவு தட்டப்பட்டது.

“யோவ்! உள்ள குடும்பம் நடத்துறியா?”

“தோ வந்துட்டேன் பாய்!”

“முக்கா மணி நேரமாச்சுய்யா! டாக்டர கூட்டியாரட்டா?”

“வாணாம் பாய், நல்லாத்தான் போய்க்கினு இருக்குது!”

கடைசி வரி. தங்கள்... நல்வரவை... அன்புடன்... கடைசிச் சொல்லை வரைந்தேன். எ. தி. ர். க். கு. ம்.

எதிர்க்கும்.

மறுபடி வரைந்தேன். அதே ஆறு. நடுவில் ‘பார்’ இல்லை. எதிர்பார்க்கும் என்று இருக்க வேண்டியது. இந்தப் பத்திரிகைப்படி, கபூர் பாய் குடும்பத்தார் விருந்தாளிகளின் வரவை அன்புடன் எதிர்க்கிறார்கள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இத்தனை நல்ல மூளைகள் பார்த்திருக்கின்றன. வலப்பக்கம் தெரியாத, பாதி மலை இடிந்த ஒருவனுக்கு மட்டும் ஒரு சொல்லின் நடுவில் ஓட்டை தெரிகிறது. ஓட்டை காகிதத்தில் இருக்கிறதா, என் மண்டையில் இருக்கிறதா? தப்பாகச் சொன்னால் குட்டு வெளிப்பட்டு நாற்காலி போகும். சும்மா இருந்து, அது நிஜமாகவே இருந்துவிட்டால், ரிஸ்வானா கல்யாணம் ஊர் சிரிப்பாகும்.

தாழைத் திறந்தேன்.

எ, தி, ர்

“பாய், கடைசி வரியப் படிங்க.”

“இன்னாத்துக்கு?”

“படிங்க பாய்.”

“‘தங்கள் நல்வரவை அன்புடன் எதிர்பார்க்கும்’. கீழ எங்க பேரு. போதுமா?”

“இன்னொரு வாட்டி.”

“அன்புடன் எதிர்பார்க்கும்! எதிர்பார்க்கும்! உனக்கு வயித்துக் கோளாறா, காது கோளாறா?”

அவர் குரலில் ‘பார்’ அவ்வளவு தெளிவாக இருந்தது. ஓட்டை என் மண்டையில்தான் என்று தோன்றிவிட்டது. அப்படியே விட்டிருப்பேன். என் விரல்தான் விடவில்லை. அது பாயின் ஆட்காட்டி விரலைப் பிடித்து அந்தச் சொல்லின் மேல் வைத்தது.

“யோவ், இன்னாய்யா கையப் புடிக்கிற!”

“ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க. இது இன்னா?”

“எ.”

“அப்பால?”

“தி. ர். பா...”

விரல் நின்றது. பாய் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டார்.

“‘பா’ எங்க?” என்றார் மெதுவாக. “க்... கு... ம்.” முழு வரியையும் உதட்டுக்குள் படித்தார். “யா அல்லா. எதிர்க்கும்னு இருக்குதுய்யா! ரிஸ்வானா எம்.ஏ. தமிழ்யா! ஹஜ்ரத் பார்த்தாரு! நானே எத்தினி வாட்டி பார்த்தேன்!”

“நல்லாப் படிக்கத் தெரிஞ்சவங்க தலையையும் வாலையும் பார்த்துட்டு, நடுவுல அவங்களே போட்டுக்குவாங்க பாய்.”

“அப்ப நீ?”

தப்பிக்க ஒரு பொய் தேடினேன். கைவசம் இருந்ததெல்லாம் ஏழு மாதத்தில் தீர்ந்திருந்தது.

“எனக்குப் படிக்க வரல பாய். ஏழு மாசமாச்சு. ஒவ்வொரு எழுத்தாத் தொடையில எழுதி எழுதித்தான் கண்டுபுடிக்கிறேன்.”

“கண்ணுல பிரஷர்னியே?”

“மூளையில.”

“வர்றவங்கள சத்தமாப் படிக்கச் சொன்னது?”

“அதுக்குத்தான்.”

“இத அடிச்சது யாரு?”

“நான்தான்.”

“‘பார்’ வுட்டது?”

“நான்தான்.”

“கண்டுபுடிச்சது?”

“அதுவும் நான்தான் பாய்.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “இது யார் யாருக்குத் தெரியும்?” என்றார்.

“லூர்துக்கு. டாக்டரம்மாவுக்கு. அப்பறம்... மளிகைக் கடை குமாருக்கு.”

“குமாருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.”

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விட்டுப்போன ‘பார்’ஐ அடித்தேன். புதுப் படி ஒன்று எடுத்தேன். பாய் அதை வாங்கி, கடைசிச் சொல்லின் மேல் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார். பிறகு என் முன்னால் வைத்தார்.

“போடு உன் ‘அ’வ.”

பேனாவை எடுத்தேன். கீழே வைத்தேன்.

“பாய், முதல்லேருந்து இன்னொரு தடவ பார்க்கணும்.”

“முழுசாவா?”

“முழுசா.”

“எவ்ளோ நேரம் ஆவும்?”

“ஒரு மணி நேரம். கூடவும் ஆவலாம்.”

பாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அடுக்கி வைத்த அட்டையைப் பார்த்தார், மத்தியானத்திலிருந்து ஓடத் தயாராக உறுமிக்கொண்டிருந்த மெஷினைப் பார்த்தார். எழுந்து போய் அதை அணைத்தார். உறுமல் இறங்கி இறங்கி நின்றது. திரும்பி வந்து என் நாற்காலியை வெளிச்சத்துப் பக்கம் இழுத்துப் போட்டார்.

“கக்கூஸ்ல போயி ஒக்காராத,” என்றார். “இங்கயே ஒக்காந்து பாரு.”